கச்சான் காற்றும் காட்டுப் பழங்களும்

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, அப்பகுதி மக்களின் வழக்கில் நிலத்தை இரண்டாகப் பகுக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. நகரமும் பெரிய சந்தைகளும் எழுவான்கரையில் இருக்க, கோடை காலத்தில் அச்சந்தைகளுக்கு வரும் பாலை, வீரை, நாவல், இலந்தை முதலிய சிறுபழங்களுள் பெரும்பகுதி படுவான்கரைப் பக்கத்துக் காடுகளிலும் ஊரோரப் பற்றைகளிலும் பறிக்கப்பட்டு, வாவியைக் கடந்தே வந்து சேர்கிறது. குளிர்நாடுகளின் பெர்ரிப் பழங்களைப் பற்றி எழுதப்பட்டுள்ள அளவுக்கு இப்பழங்களின் அறுவடைக்குப் பிந்திய வாழ்வைப் பற்றி எழுதப்படவில்லை. ஆயினும் உருவத்தில் சிறியனவாகவும் தோலில் மெல்லியனவாகவும் இருத்தல், விரைவில் கெடுதல் ஆகிய இயல்புகளால் அவை பெர்ரிகளோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. ஸ்ட்ரோபெரிப் பழம் நுவரெலியாவின் குளிரில் விளைகிறது. பாலைப்பழமோ ஆண்டின் மிக வெப்பமான, மிக உலர்ந்த மாதங்களில் பழுக்கிறது என்பதால், அதைக் காப்பது ஸ்ட்ரோபெரியைக் காப்பதினும் கடினமான வேலையாகிறது.

அம்மாதங்களின் வெப்பத்துக்கும் உலர்வுக்கும் காரணம் கச்சான் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, தான் கொண்டுவந்த ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. பின்னர் கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கத்தால் சூடேறி, வறண்ட காற்றாக மட்டக்களப்பை அடைகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுவான்கரையைச் சற்றுத் தணிக்கிறது. படுவான்கரைக்கோ கச்சானே நாள் முழுதும் துணை. பழம் பறிக்கப்பட்டபின் கழிக்கும் முதற்சில மணிநேரம் இந்தக் காற்றில்தான் கழிகிறது. இக்கட்டுரை கூறவரும் செய்தியின் பெரும்பகுதி அந்த முதற்சில மணிநேரத்தைப் பற்றியதே.

பறிக்கப்பட்ட பழம் உயிரற்ற பொருளன்று. மரத்திலிருந்து பிரிந்த பின்னும் அதன் கலங்கள் ஒட்சிசனை உள்ளெடுத்து, சேமித்த வெல்லத்தையும் அமிலத்தையும் எரித்து, காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. இதுவே பழத்தின் சுவாசம். மரத்தில் இருந்தவரை செலவை ஈடுசெய்ய இலையிலிருந்து வரவு இருந்தது. பறித்தபின் செலவு மட்டுமே எஞ்சுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது இந்தச் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது என்பது பழவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆகவே 34 பாகையில் ஒருநாள் இருந்த பழம், 24 பாகையில் இரண்டு மூன்று நாள் இருந்த பழத்துக்குச் சமமாக முதுமையடைந்துவிடுகிறது.

சுவாசத்தோடு நீரிழப்பும் சேர்கிறது. இங்கே உருவத்தின் சிறுமை பெருங்குறையாக அமைகிறது. உருண்டையான ஒரு பொருளின் கனவளவுக்கு அதன் மேற்பரப்பு எவ்வளவு என்று கணித்தால், அவ்விகிதம் விட்டத்துக்கு நேர்மாறாக இருப்பது தெரியும், அதாவது 1.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு பாலைப்பழம், 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு மாம்பழத்தைவிட, தன் நிறைக்கு ஆறு மடங்கு மேற்பரப்பைக் காற்றுக்குக் காட்டி நிற்கிறது. அம்மேற்பரப்பிலிருந்து நீர் எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பது ஆவியமுக்கக் குறைபாடு எனப்படும் அளவு. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவிக்கும், அது உண்மையில் கொண்டுள்ள நீராவிக்கும் இடையிலான வித்தியாசமே அது. எடுத்துக்காட்டாக, 34 பாகையில் சாரீரப்பதன் 55 வீதமாக உள்ள நண்பகற் காற்றில் இக்குறைபாடு ஏறத்தாழ 2.4 கிலோபசுக்கால், 27 பாகையில் சாரீரப்பதன் 85 வீதமாக உள்ள அதிகாலைக் காற்றில் அது 0.5 கிலோபசுக்காலைச் சற்றே தாண்டும். ஒரே பழம், ஒரே இடம். ஆயினும் நண்பகலில் அது அதிகாலையைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் நீரை இழக்கிறது. தன் நிறையில் 5 வீதம் அளவு நீரை இழந்தாலே பெரும்பாலான பழங்களின் தோல் சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால், காலை பத்து மணிக்குப் பறித்துத் திறந்த வெளியில் குவித்து வைத்த பழம் மாலைச் சந்தைக்கு வரும்போது வாடித் தெரிவதில் வியப்பில்லை.

எனவே விடியற்காலையே பறிக்க உகந்த வேளை. மரத்திலுள்ள பழம் இரவு முழுதும் குளிர்ந்து, நீரால் நிரம்பி, இறுக்கமாக இருக்கும் வேளை அது. வெயில் ஏறியபின் பழம் தன்னுள் தேக்கிவைத்துக்கொள்ளும் சூட்டை வயல்வெப்பம் என்று துறைசார்ந்தோர் குறிப்பிடுவர். கருநிறமான நாவற்பழம் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால், நேர்வெயிலில் கிடக்கும்போது சுற்றியுள்ள காற்றைவிடவும் மிகுதியாகச் சூடேறிவிடுகிறது. அதனால் பறித்த பழத்தை மரநிழலுக்கு நகர்த்துவது என்ற செலவில்லாத செயல், பின்னர் எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாத நன்மையைத் தருகிறது.

வேளையோடு கையும் முக்கியம். கலிபோர்னியாவிலிருந்து புகையிரதத்தில் சென்ற தோடம்பழங்கள் வழியிலேயே அழுகியதற்குக் காரணம் தேடி, அமெரிக்க வேளாண் திணைக்களத்தைச் சேர்ந்த ஜி. ஹரல்ட் பவல் 1904 தொடக்கம் சில ஆண்டுகள் ஆராய்ந்தார். பயணத்திலோ பெட்டியிலோ குற்றம் இல்லை என்றும், பறிக்கும்போது கத்தரியும் நகமும் நீண்டு நின்ற காம்பும் தோலில் இட்ட நுண்காயங்கள் வழியாகவே நீலப் பூஞ்சணம் உள்ளே புகுந்தது என்றும் அவர் நிறுவினார். தடித்த தோலுடைய தோடைக்கே அந்நிலை எனின், விரலழுத்தத்தில் தோல் பிளக்கும் நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிளையைத் தடியால் அடித்து உதிர்க்கும்போது கனிந்த நாவற்பழம் நிலத்தில் மோதிக் கீறிக்கொள்கிறது. கீறல் வழியே கசியும் சாற்றில் மணல் ஒட்டுகிறது. மணலோடு மண்ணின் பங்கசு வித்திகளும் மதுவங்களும் ஒட்டுகின்றன. மரத்தின் கீழே பழைய சேலையையோ வலைத்துண்டையோ நான்கு மூலையிலும் கட்டி, நிலத்தில் படாமல் தொய்வாகத் தொங்கவிட்டால் இம்மூன்றும் பெருமளவு தவிர்க்கப்படும். வாவிக்கரை ஊர்களில் மீன்வலைக்குப் பஞ்சமில்லை.

நாவலுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வாழை, மா, பாலையின் குடும்ப உறவான சப்போட்டா ஆகியவை காயாகப் பறிக்கப்பட்ட பின்னும் எதிலீன் என்னும் வாயுவைத் தாமே உண்டாக்கி, சுவாசம் ஒருமுறை உச்சத்துக்கு ஏறிப் பின் தணிய, பழுத்துவிடுகின்றன. நாவல் அவ்வாறு செய்வதில்லை. மரத்தில் செந்நிறமாக இருக்கும்போது பறித்தால் அது செந்நிறமாகவே வாடும். ஒரே குலையில் பச்சையும் செம்மையும் கருமையுமாகப் பழங்கள் கலந்திருப்பதால், கருத்தவற்றை மட்டும் தேர்ந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்பிவர வேண்டியிருக்கிறது. முழுக்கக் கனிந்ததையே பறிக்க வேண்டும் என்பதால், நாவல் வாழும் காலம் தொடக்கத்திலேயே குறுகிவிடுகிறது. சாதாரண வெப்பநிலையில் அது இரண்டு மூன்று நாள்களைத் தாண்டுவது அரிது.

பாலைப்பழத்தில் வேறொரு கேடு நிகழ்கிறது. உயர்ந்த மரத்தின் மெல்லிய சுள்ளிகளில் பழம் நெருக்கமாகக் காய்ப்பதால், கிளையையே வெட்டி வீழ்த்தி, கீழே இருந்து பறிப்போர் உள்ளனர். பாலை மிக மெதுவாக வளரும் வைர மரம்; எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதும் இல்லை; கரடியும் இருவாய்ச்சியும் வௌவாலும் வறட்சிக் காலத்தில் அதன் பழத்தை நம்பியிருக்கின்றன. வனச்சட்டம் ஒருபுறம் இருக்க, பழத்தின் நலனுக்காகவே இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதற்குத் தெளிவான உடலியற் காரணம் ஒன்று உண்டு. வெட்டுண்ட கிளையின் இலைகள் நீராவியை வெளிவிடுவதை உடனே நிறுத்துவதில்லை. வேரிலிருந்து வரும் நீர் அறுந்துபோனதால், அவை அருகிலுள்ள ஈரமான உறுப்பிலிருந்து, அதாவது பழத்திலிருந்து, காம்பின் வழியாகவே நீரை இழுக்கத் தொடங்குகின்றன. இலையோடு கிடக்கும் கிளையிலுள்ள பழம் தன் தோலாலும் நீரிழக்கிறது, தன் காம்பாலும் நீரிழக்கிறது. ஏறிப் பறிக்க இயலாத உயரத்திலுள்ள பழத்தை விலங்குகளுக்கு விட்டுவிடுவதே முறை.

பறித்த பழத்தின் அடுத்த இருப்பிடம் பெரும்பாலும் உரப்பையாகவோ சொப்பிங் பையாகவோ அமைந்துவிடுகிறது. வாய் இறுகக் கட்டிய ஒரு சொப்பிங் பையில் நண்பகலில் நடப்பதைக் கூர்ந்து நோக்கினால் கேட்டின் போக்கு முழுவதும் விளங்கும். முதல் அரை மணிநேரத்தில் பையின் உட்சுவரில் பனிபோல் நீர்த்திவலைகள் படர்கின்றன. அவை பழங்கள் இழந்த நீர். அத்திவலைகள் ஒன்றுசேர்ந்து வழிந்து அடியிலுள்ள பழங்களை நனைக்க, காம்பு பிய்ந்த இடங்களிலிருந்து வடிந்த பாற்சாறு அந்நீரில் கலந்து பழங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. உள்ளிருக்கும் ஒட்சிசன் குறையக் குறையக் கலங்கள் காற்றில்லாச் சுவாசத்துக்கு மாறி, வெல்லத்தை மதுசாரமாக்குகின்றன. தோலிலுள்ள மதுவங்களும் அதே வேலையில் இறங்குகின்றன. பையை அவிழ்க்கும்போது முகத்தில் அடிக்கும் புளித்த வாடை இவ்விரண்டின் விளைவு. பையை ஊசியாலோ ஆணியாலோ பரவலாகத் துளையிட்டு, வாயைத் தளர்வாக மடித்தால் ஈரம் ஓரளவு தங்கியும் வாயு பரிமாறியும் நிலைமை மாறும். இருப்பினும் பனையோலையால் இழைத்த கடகமோ பெட்டியோ இவ்வேலைக்குப் பையைவிடப் பொருத்தமானது. அது காற்றை விடுகிறது, தன் வடிவத்தை இழப்பதில்லை, பழத்தின் மேல் சாய்ந்து நசுக்குவதும் இல்லை.

நசுங்குதல் ஆழத்தைப் பொறுத்தது. உரப்பையில் அடியிலுள்ள பழம் தனக்கு மேலுள்ள அத்தனை பழங்களின் பாரத்தையும் தாங்குகிறது. வண்டி குலுங்கும்தோறும் அப்பாரம் பன்மடங்காகிறது. பெர்ரி விளைவிக்கும் நாடுகளில் பழம் சில விரற்கடை ஆழமுள்ள தட்டங்களில் ஒன்றிரண்டு அடுக்குக்கு மேல் வைக்கப்படாததன் காரணம் இதுவே. இலங்கையில் மரக்கறியையும் பழத்தையும் பிளாஸ்டிக் கூடைகளில் மட்டுமே ஏற்றிச்செல்ல வேண்டும் என்று 2011 இறுதியில் கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதி, கூடையின் விலையையும் வெறுங்கூடை திரும்பி வரும் செலவையும் யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை காணாமலே நடைமுறைப்படுத்தப்பட்டதால், விவசாயிகளினதும் வியாபாரிகளினதும் கடும் எதிர்ப்பைச் சந்தித்துத் தளர்த்தப்பட்டது. அதன் நோக்கம் சரியானது. ஆயினும் கோவாவுக்கும் தக்காளிக்கும் ஏற்ற ஆழமான கூடை பாலைக்கும் நாவலுக்கும் ஏற்றதன்று. இவற்றுக்கு ஒரு சாண் ஆழத்துக்குட்பட்ட, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கீழுள்ள பழத்தைத் தொடாத தட்டங்கள் தேவை.

வாவியைக் கடக்கும் நேரமும் கணக்கிற் சேர வேண்டியது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விளைபொருள் அவ்வழியாகப் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறியே மறுகரை சேர்ந்தது. தெற்கே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் அத்தகைய பாதைச் சேவை பின்னரும் தொடர்ந்தது. பாலம் பயண நேரத்தைச் சுருக்கியது மெய். எனினும் காட்டோரத்தில் வெயிலில் காத்துக்கிடக்கும் நேரம் சுருங்காதவரை அதன் பயன் பழத்துக்கு முழுமையாகக் கிட்டாது.

அந்தக் காத்திருப்பை ஆபத்தற்றதாக்கும் எளிய அமைப்பு ஒன்று டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் சுசந்த கே. ராய், டி. எஸ். குர்தியா ஆகியோரால் வடிவமைக்கப்பட்டது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையிலுள்ள 7.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் மணலை நிரப்பி, மணலையும் செங்கல்லையும் காலையும் மாலையும் நீரூற்றி நனைத்து, மேலே ஓலையோ சாக்கோ கொண்டு மூடிவிட்டால் அறை ஆயத்தம், மின்சாரம் வேண்டியதில்லை. ஈரச்சுவரிலிருந்து நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைச் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளே குளிர்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. டில்லியின் வறண்ட கோடையில் உள்வெப்பநிலை வெளியைவிட 10 பாகைக்கும் மேலாகத் தாழ்ந்தது.

மட்டக்களப்பில் அவ்வளவு எதிர்பார்க்க இயலாது. முன்னர் கூறிய 34 பாகை, 55 வீத நண்பகற் காற்றில் ஆவியாதல் மூலம் எட்டக்கூடிய எல்லை 26 பாகைக்குச் சற்று மேல். நடைமுறையில் 27 அல்லது 28 பாகை கிடைக்கும். ஆறேழு பாகைக் குறைவால் சுவாசம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தணியும். ஆனால் அறையினுள் சாரீரப்பதன் 90 வீதத்தை ஒட்டி நிற்பதால் ஆவியமுக்கக் குறைபாடு 2.4 கிலோபசுக்காலிலிருந்து 0.4 ஆக வீழ்கிறது. நீரிழப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. இப்பகுதிக்கு அவ்வறை தரும் முதன்மையான கொடை குளிர்ச்சியைவிட ஈரமே என்பது இக்கணக்கிலிருந்து பெறப்படுகிறது. பழத்தை வாட்டும் கச்சான் எவ்வளவு வறண்டு வீசுகிறதோ, அவ்வளவுக்கு அறை நன்றாக வேலைசெய்யும். மாரியில் வாடைக்காற்று ஈரத்தோடு வரும்போது அதே அறை பூஞ்சணம் வளர்க்கும் இடமாகிவிடும் என்பதால், அது கோடைப் பழங்களுக்கு உரிய கருவி மட்டுமே. மணலும் செங்கல்லும் ஓலையும் ஊரிலேயே கிடைக்கின்றன; பாலைப்பழத்தை வைத்து அளந்து பார்க்க வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் இருக்கிறது.

இதனினும் குளிர்ச்சி வேண்டுமெனின் வாவி மீனவரின் பனிக்கட்டி கைகொடுக்கும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 10 கிலோகிராம் பழத்தை 34 பாகையிலிருந்து 14 பாகைக்குக் கொண்டுவர நீக்கவேண்டிய வெப்பம் ஏறத்தாழ 740 கிலோயூல். அதாவது கணக்கின்படி இரண்டேகால் கிலோகிராம் பனிக்கட்டி போதும்; பெட்டியின் சுவர் வழியே புகும் சூட்டையும் சேர்த்தால் அதைப்போல் இருமடங்கு எனக் கொள்ளலாம். பனிக்கட்டியை நேரே பழத்தின்மேல் கொட்டுவது தவறு. நீரை உறையவைத்த போத்தல்களைத் துணியிற் சுற்றி, மீன் வைத்திராத தனி ரெஜிபோம் பெட்டியில் பழத்தட்டங்களுக்கிடையே வைக்க வேண்டும்.

நேரடிப் பனிக்கட்டி ஏன் கூடாது என்பதற்கு வெப்பமண்டலப் பழங்களின் பிறவிக் குணமே காரணம். ஸ்ட்ரோபெரியை 0 பாகையில் வைத்தால் அது நீண்டு வாழ்கிறது. வெப்பமண்டலப் பழங்கள் பலவற்றின் கலமென்சவ்விலுள்ள கொழுப்புகள் 10 பாகையை அண்டிய குளிரிலேயே இறுகத் தொடங்கிவிடுவதால், சவ்வு கசிந்து, தோல் குழிவிழுந்து, சதை பழுப்பேறுகிறது. இது குளிர்க்காயம் எனப்படும். நாவலுக்கு 8 முதல் 10 பாகையும் 85 முதல் 90 வீதச் சாரீரப்பதனும் துளையிட்ட பொலித்தீன் உறையும் பரிந்துரைக்கப்படுகின்றன. அந்நிலையில் அது மூன்று வாரம் வரை தாங்கக்கூடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறைபெட்டியிலிருந்து தள்ளியுள்ள கீழ்த்தட்டே இதற்கு நெருங்கிய இடம்.

குளிரவைத்த பழத்தை வெளியே எடுக்கும் கணமும் ஆபத்தானது. 30 பாகையில் 75 வீத ஈரமுள்ள வாவிக்கரைக் காற்று 25 பாகையிலேயே பனிநீரைப் படியவிடும். 12 பாகையில் உள்ள பழம் அக்காற்றைத் தொட்டதும் முழுக்க நனைந்துவிடும். வித்தி முளைக்க அந்த ஈரமே போதும். பெட்டியைத் திறவாமல் நிழலில் வைத்துப் பழம் மெல்லச் சூடேறிய பின் திறப்பதும், விற்குமளவு மட்டும் வெளியே எடுப்பதும் இதற்கான காப்பு. உண்பதற்கு முன்னன்றிப் பழத்தைக் கழுவலாகாது என்பதும் இதே காரணத்தால்தான். எனினும் சில பெர்ரிகளை ஏறத்தாழ 52 பாகை வெந்நீரில் 30 விநாடி அமிழ்த்தி எடுத்தால் தோலிலுள்ள பூஞ்சண வித்திகள் நலிந்து பழம் கூடுதல் நாள் நிற்கும் என்று அமெரிக்க உணவறிவியல் எழுத்தாளர் ஹரல்ட் மக்கீ 2009 இல் எழுதியது பரவலாக அறியப்பட்டது. சூடு தோலைத் தாண்டி உள்ளே செல்லுமுன் வெளியே எடுத்து, குளிர்வித்து, முற்றாக உலர்த்தினால்தான் அது பயன்தரும். உலர்த்தத் தவறினால் முன்பிருந்ததைவிடக் கேடே விளையும்.

சந்தையில் சுண்டு கணக்கில் அளந்து விற்று எஞ்சும் பழத்தைப் பச்சையாகக் காப்பதில் இனிப் பொருளில்லை. நுண்ணுயிர்கள் வளரப் பழத்தில் நீர் இருந்தால் மட்டும் போதாது. அந்நீர் வெல்லத்தாலோ உப்பாலோ பிணைக்கப்படாமல் கட்டற்றதாக இருக்க வேண்டும். அக்கட்டற்ற தன்மையை நீரின் செயற்படுதிறன் என்பர்; தூய நீருக்கு அது 1 எனக் கொண்டால், 0.6 க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளர்வதில்லை. இயல்பாகவே வெல்லம் மிகுந்த பாலைப்பழம் அவ்வெல்லைக்கு எளிதில் இறங்கக்கூடியது. குஜராத்தில் இதே பழம் ராயண் என்ற பெயரில் உலர்ந்த நிலையிலும் விற்கப்படுகிறது. மட்டக்களப்பில் அதை உலர்த்தக் கச்சானே போதும்: காயம்படாத பழங்களை ஒற்றை அடுக்காகப் பாயில் பரப்பி, நிலத்திலிருந்து இடுப்புயரத்தில் பரண் கட்டி, ஈயும் தூசும் அணுகாதபடி மேலே மெல்லிய வலை விரித்து, மாலையில் கடற்காற்றின் ஈரம் ஏறுமுன் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். நசுக்கினால் சாறு வராமல், ஆனால் முறியாமல் வளையும் பதம் வந்ததும், சூடு முற்றாக ஆறியபின் மூடியிறுகும் போத்தலில் இட்டு, முதல் வாரம் நாள்தோறும் போத்தலின் உட்சுவரைப் பார்த்துவர வேண்டும். அங்கே ஒரு நீர்த்துளி தென்பட்டாலும் பழம் இன்னும் ஒருநாள் வெயிலுக்குத் திரும்ப வேண்டும்.